பக்கத்து வீட்டுக் குளத்துப் பாசி

பக்கத்து வீட்டு வாத்தியாரின் நீச்சல் குளத்தில் பாசி பிடித்துவிட்டது. மதில் மேல் எட்டிப் பார்க்கும் வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். தினமும் நீந்திய அவர் மனைவி இறந்து இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து மனிதர் குளோரினைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறார். தண்ணீரோ பச்சைக்கு மேல் பச்சையாகிறது.

நேற்று குளம் சுத்தம் செய்பவர் வந்து பம்பின் மூடியைத் திறந்தார்.

"என்ன சார், வடிகூடை முழுக்க முடி அடைச்சிருக்கு! தண்ணி சுத்தினாத்தானே மருந்து வேலை செய்யும்? பாடம் நடத்தினவருக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன, சோம்பலா?"

"அது அவளோட தலைமுடிப்பா."

சுத்தம் செய்பவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நானே மதிலுக்குக் கீழே பாதித் தலையை இறக்கிக்கொண்டேன், ஊரே நம்பாது.

"இதை எடுக்காம பாசி போகாது, சார்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

வாத்தியார் அந்த நரைமுடிச் சுருளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியை வடிச்சிடு. இனிமே இதுல யாரு நீந்தப் போறா?"

பிறகு குனிந்து, பம்பின் மூடியைத் தானே இறுக்கித் திருகினார்.