ஐம்பத்தெட்டு விநாடி

தையல் ஆலையில் அவளுக்கு வாட்ச்சம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு தையல்காரிகளின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் வேலை. காலர் வைக்க எத்தனை விநாடி, பை தைக்க எத்தனை விநாடி, அறுந்த நூலை மறுபடி கோக்க எத்தனை விநாடி என்று குறித்துக் கொடுப்பாள். அதை வைத்து மேலே இருப்பவர்கள் மணிக்கு இத்தனை சட்டை என்று கணக்குப் போடுவார்கள். இப்படி ஒரு வேலை பார்ப்பவளை யாருக்குப் பிடிக்கும்? அவள் வந்து நின்றதுமே தையல்காரிகளின் கை மெதுவாகிவிடும். அவளும் தெரியாதவள் போல நிற்பாள். பத்தாவது சட்டைக்குள் அவர்களுக்கே சலித்துப்போய்ப் பழைய வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போதுதான் பொத்தானை அழுத்துவாள்.

வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஆனால் அவள் எழுதியதைப் பொய் என்று பத்தொன்பது வருடத்தில் ஒருத்தியும் சொன்னதில்லை. மேனேஜருக்காக ஒரு விநாடி குறைத்ததில்லை, கூடச் சாப்பிடுகிறவளுக்காக ஒரு விநாடி கூட்டியதில்லை. "வாட்ச்சம்மா சொன்னா கோர்ட்ல சொன்ன மாதிரி" என்பார் கான்டீன்காரர். அவருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. ஒரு டீ கைக்கு வர ஏழு நிமிடம் ஆகிறது என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

பெரியவன் பட்டாளத்தில் சேர ஓடிப் பழகியபோது அவனுக்கும் அவள்தான் நேரம் பார்த்தாள். மைதானத்தை ஆறு சுற்று சுற்ற வேண்டும். ஆண்களுக்குப் பதினோரு நிமிடம், பெண்களுக்குப் பதின்மூன்று. எந்தச் சுற்றில் தொய்கிறான், எந்த வளைவில் மூச்சு வாங்குகிறான் என்று சொல்லிச் சொல்லி அவனைத் தேற்றினாள். கடைசியில் மூன்று விநாடி மிச்சம் வைத்துத் தேறினான். சேர்ந்த பதினாலாவது மாதம் வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். சண்டையும் இல்லை, எல்லையும் இல்லை. பயிற்சிக்குப் போன வண்டி, மழை, ஒரு வளைவு, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். அழுகை வரவில்லை. வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். பிறகு அந்தக் காத்திருப்பும் நின்றுபோயிற்று. டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அது ஆறிப்போயிருந்தது தெரியும். சில நாள் அதுவும் தெரியாது. அவள் வீட்டுக்காரர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர்; மாதத்தில் இருபது நாள் வழியிலேயே இருப்பார். தினமும் போன் செய்து, இங்கே மழை, அங்கே ரோடு சரியில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பார். மகனைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒரு நாள் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பெரியவனுக்கு நான்கு வயது இளையவள்.

"அம்மா, நானும் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

வாட்ச்சம்மா கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். "சரி" என்றாள்.

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. "சரின்னா?"

"சரின்னா சரிதான்."

"திட்டவாச்சும் செய்யேம்மா. இந்த வீட்டுல மூச்சு முட்டுது. அவன் பேரைக்கூட யாரும் சொல்றதில்ல. அங்க போனா அவனைத் தெரிஞ்சவங்க நாலு பேராவது இருப்பாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிட்டேன். முதல்ல ஓடிக் காட்டு, அப்புறம் பாக்கலாம்னாரு. நீதான் நேரம் பாக்கணும்."

அவள் போகக் கூடாது. வாட்ச்சம்மாவுக்கு அந்த ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் பயம் வெளியே வரும். பயம் வந்தால் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். இரண்டு வருடமாகச் சாத்தியிருக்கிற கதவு அது. அதனால் "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

காலை ஐந்தரைக்கு மைதானம் காலியாக இருக்கும். முதல் நாள் மகள் ஆறாவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டினாள். வாட்ச்சம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், பொத்தானை அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அழுத்தியபோது ஒன்பது விநாடி கூடுதலாக ஓடியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தப்பு.

"எவ்வளவும்மா?"

"பதினாலு இருபத்தொம்பது."

"ஐயோ" என்று புல்லில் விழுந்தாள் மகள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தராசையே சந்தேகப்பட்டால் அப்புறம் எதைத்தான் நம்புவது?

அதற்குப் பிறகு நடந்தது தப்பில்லை, திருட்டு. மகள் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதற்குள் வாட்ச்சம்மா வாட்ச்சை ஓடவிட்டுவிடுவாள். அவள் நிமிர்ந்து கையைக் காலை உதறியதும், "போ" என்று அம்மா சொல்லும்போது இருபது விநாடி முன்னதாகவே செலவாகியிருக்கும். மகள் ஓடி வந்து வாட்ச்சை எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும், அதில் அந்த எண்தான் இருக்கும். போனில் பார்த்துக்கொள்ளேன் என்று யாரோ மகளிடம் சொன்னதற்கு, "எங்கம்மா இருக்கும்போது போன் எதுக்கு?" என்று சிரித்தாளாம். அதைக் கேட்டு வாட்ச்சம்மாவுக்கு வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. முடியாது என்று தெரிந்தால் பெண் தானாக விட்டுவிடுவாள் என்ற கணக்கு மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் விடவில்லை. பதின்மூன்று ஐம்பது என்றால் மறுநாள் சாயங்காலமும் தனியாகப் போய்ப் படிக்கட்டு ஏறினாள். பதின்மூன்று நாற்பது என்றால் இன்னும் முன்னால் எழுந்தாள். முகம் வற்றி, கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

நான்காவது வாரம் ஆலையில் ஒரு பெரிய சட்டை ஆர்டர் அவசரமாக வந்தது. மணிக்கு அறுபது என்றிருந்த டார்கெட்டை மேனேஜர் அறுபத்துநாலாக்கிப் பலகையில் எழுதிவிட்டார். தையல்காரிகள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். வாட்ச்சம்மாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. திட்டிக்கொண்டே தைத்தார்கள். வெள்ளிக்கிழமை தைத்த கணக்கும் பலகையில் அறுபத்துநாலு என்று விழுந்தது. எப்போதும் இப்படித்தான் விழும். எட்டாத இடத்தில் எண்ணை வைத்தால் கை அதைத் தேடிப் போகும். ஆலையில் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும்.

அட்டையோடு அந்தப் பலகையின் முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. போன மாதம் இருபது விநாடி திருடினால் போதுமாக இருந்தது. இந்த வாரம் நாற்பது வேண்டியிருந்தது. அப்படியானால் மகள் இப்போதே பதின்மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டாள். அவளைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் பின்னாலிருந்து விரட்டியிருக்கிறாள். பத்தொன்பது வருடம் இதே பிழைப்பில் இருந்துகொண்டு, சொந்த வீட்டில் இது தெரியாமல் போயிற்று.

இனி உண்மையைச் சொன்னால் துள்ளிக் குதித்துக்கொண்டு போவாள். சொல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஓடுவாள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. வாட்ச்சம்மா யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றாததால் நாற்பதை ஐம்பதாக்கினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் கடைசி ஓட்டம். வாட்ச் பதின்மூன்று ஒன்பது காட்டியது. அன்று சாயங்காலம் மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டிருந்தாள்.

"தோத்துடுவேன்மா" என்றாள். "ஒம்பது செகண்டு. அதை எங்க போய்ப் பிடிக்கிறது?"

இந்த வார்த்தைக்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தாள். வந்துவிட்டது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாவமாகவாவது இருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் ஆறுகிறதே என்றுதான் தோன்றியது.

"அப்போ விட்டுடேன் குட்டி."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "விடத்தான் நினைச்சேன். ஆனா உள்ளூர்லயே தோத்துட்டு உக்காந்தா காலத்துக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அங்க போய்த் தோத்துட்டு வரேன். நீயும் வா."

மறுநாள் ஆட்சேர்ப்பு மைதானத்தில் கம்பி வேலிக்கு வெளியே பெற்றவர்கள் கூட்டம். உள்ளே மார்பில் எண் ஒட்டிய முப்பது பெண்கள். மகளுடைய எண் பதினேழு. விசில் ஊதியது. பழக்க தோஷம், வாட்ச்சம்மாவின் விரல் விசிலோடு விசிலாகப் பொத்தானை அழுத்தியது. ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சரியாக அழுத்தினாள்.

இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. குட்டி முன்னால் இருந்த கூட்டத்தைக் கடந்து தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "அது யாரு பொண்ணுங்க? நாய் துரத்துற மாதிரில்ல ஓடுது" என்றார். நாலாவது சுற்றில் ஒரு கணம் கால் பின்னிக்கொண்டது. விழுந்துவிடு, விழுந்துவிடு என்று மனசு சொன்னது. பெற்ற வயிறு இப்படியும் வேண்டிக்கொள்ளுமா என்றால், வேண்டிக்கொண்டது. குட்டி விழவில்லை. முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினாள்.

"பதினேழு. பன்னிரண்டு நிமிடம் பதினொரு விநாடி. தேர்வு" என்றது ஒலிபெருக்கி.

மகள் தள்ளாடிக்கொண்டு வேலிக்கு ஓடி வந்தாள். "அம்மா! கேட்டியா? பன்னெண்டு பதினொண்ணு! நேத்து பதிமூணு ஒம்பதும்மா! அம்பத்தெட்டு செகண்டு! ஒரு ராத்திரியில எப்படிம்மா?"

வாட்ச்சம்மா வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

"அண்ணன்தாம்மா" என்றாள் மகள். "நாலாவது ரவுண்டுல கால் விட்டுப்போச்சு. அவ்வளவுதான்னு நினைச்சேன். அப்போ முதுகுல கை வச்சுத் தள்ளின மாதிரி இருந்துச்சு. சத்தியமாம்மா. சூடான கை. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கூடவே ஓடி வந்தான்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு வருடத்து அழுகை அது. சுற்றி நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

ஐம்பத்தெட்டில் எட்டு மகளுடைய கால்கள் ஓடிக் குறைத்தது. மிச்சம் ஐம்பது அம்மா திருடி வைத்திருந்தது. அவனுக்கென்று அதில் ஒரு விநாடிகூட இல்லை. வாட்ச்சம்மாவுக்குக் கணக்கு உடனே வந்துவிட்டது. கூடவே வேறொன்றும் வந்தது, அவள் எதிர்பார்க்காதது. பொறாமை. இவள் முதுகுக்கு மட்டும் ஒரு கை கிடைத்துவிட்டதே, பொய்க் கையானாலும் சூடாக இருந்ததே என்று நெஞ்சு எரிந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு ஒரு கனவில்கூட அவன் வரவில்லை.

மகள் அதற்குள் அம்மாவின் போனை வேலிக்குள் வாங்கி அப்பாவுக்குப் போட்டுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், கால் பின்னியது, கை, சூடு, எல்லாம். பிறகு போன் வேலி இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வந்தது.

"அப்பா நிஜமான்னு கேக்குறாரும்மா. நீ சொன்னாத்தான் நம்புவாராம்."

வாட்ச்சம்மா போனைக் காதில் வைத்தாள். பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு விடுவது கேட்டது. ஆண்பிள்ளை அழுகை, உள்ளேயே விழுங்கி விழுங்கி.

"நீ நேரம் பாத்தியா?" என்றார். "அம்பத்தெட்டு செகண்டு கொறஞ்சிருக்காமே. நிஜமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் மகள் கண்ணைத் துடைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேங்க" என்றாள் வாட்ச்சம்மா. "அம்பத்தெட்டுதான். அவ அவ்வளவு வேகமா ஓடி நான் பாத்ததே இல்ல. அவன்தான் கூட ஓடியிருக்கான்."

அவர் வாய்விட்டு அழுதார். மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தினார்.

"அப்போ போகட்டும்" என்றார். "பயந்துக்கிட்டுத்தான் சரின்னு சொல்லாம இருந்தேன். இனி பயமில்ல. கூட அவன் இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்."

"சரிங்க" என்றாள் அவள்.

வீட்டில் மூன்று பேருக்கும் பங்கிருந்த பயம் இப்போது முழுசாக அவள் ஒருத்தியிடம் வந்து சேர்ந்திருந்தது.