பத்தேகால் மணி ஸ்கர்ட்

தையல்காரரின் சின்னதுக்கு ஆறு வயது முடிந்த வாரம், அது போட்டிருந்த நீல நிற யூனிஃபார்ம் ட்ரவுசர் காலை பத்தேகால் மணிக்கு, இரண்டாம் பீரியடின் நடுவில், ஸ்கர்ட்டாக மாறியது. கிழிந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. உள்பக்கத் தையல் தானாகப் பிரிந்தது, இரண்டு கால்களும் ஒன்றாகச் சேர்ந்தன, முன்னால் நான்கும் பின்னால் நான்குமாக எட்டு மடிப்புகள் விழுந்தன, இடுப்பில் கொக்கி மாட்டிக்கொண்டது. தரையில் ஒரு நூல்கூட விழவில்லை என்று வகுப்பு டீச்சர் பிறகு சொன்னார். அன்றைக்குக் கழித்தல் கணக்கு. பக்கத்தில் கடன் வாங்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு நிமிடம் தடுமாறினார், பிறகு வாங்கிக் கழித்தார். பிள்ளை என்னவோ பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியாக உட்கார்ந்து விடை எழுதியது. இரண்டு வருடமாகவே அது கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "நான் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வயதில் "நான் பஸ்" என்று ஊரெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு திரிந்த பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள். பஸ் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. இது நிற்கவில்லை.

அப்பாவுக்கு அந்தத் தெருவில் பதினைந்து வருடமாகக் கடை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர்தான் யூனிஃபார்ம் தைத்தார். சாயங்காலம் ஸ்கர்ட்டோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து அவருக்கு முதலில் வந்தது கோபமில்லை, பொறாமை. எட்டு மடிப்பும் நூல் பிடித்தாற்போல நின்றன. தொழில் கற்ற நாளிலிருந்து அவருக்குக் கடைசி மடிப்பு மட்டும் கொஞ்சம் சாயும், இதில் சாயவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாமல், நூல் சரியில்லை என்று நூல் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். மறுநாள் இரட்டைத் தையல் போட்டார், அடுத்த நாள் மூன்று. மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டார், பாபினை மாற்றினார். ட்ரவுசர் பத்தேகாலுக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமையும் மாறியது. நடுவில் பள்ளிக் கடிகாரம் பழுதானபோது, பியூன் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஸ்கர்ட் வந்ததிலிருந்து நிமிடம் எண்ணி இடைவேளை மணி அடித்தார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்த அம்மா மட்டும், "நூல் மேல ஏங்க பழி போடறீங்க? பிள்ளை ரெண்டு வருஷமா சொல்லிட்டுதான் இருக்கு. நீங்கதான் காதுல போட்டுக்கல" என்றாள். அவர் வாயில் ஊசி இருப்பதால் பேச முடியாது என்று கை காட்டினார். ஊசி அப்போது மிஷினில் இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனபின் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை, பயந்தவர். இரண்டு பெற்றோர் வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து ட்ரவுசர் நாள் முழுக்க ட்ரவுசராகவே இருந்தால் பிள்ளை வரலாம், இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். சின்னதுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். லீவு நாளில்கூடப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கும். அந்தப் பையை எப்படிப் பிடுங்கி வைப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. லாரி தார்ப்பாய் தைக்கிற நூலும் கோணி ஊசியும் வாங்கி வந்து, ஞாயிறு முழுக்கக் கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நான்கு ஊசிகளை உடைத்து ஒரு ட்ரவுசரைத் தைத்து முடித்தார். திங்கட்கிழமை பத்தேகால் ஆனது. பத்து பதினாறு ஆனது. டீச்சர் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். ட்ரவுசர் அசையவில்லை. செய்தி கடைக்கு வந்தபோது தையல்காரர் சீட்டியடித்தார்; அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து சின்னது பேசவில்லை. சாப்பிட்டது, குளித்தது, கணக்குப் போட்டது, வாயை மட்டும் திறக்கவில்லை. வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அந்த இடத்தில் ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது, ஆப்சென்ட் போட்டுவிடுவார். வீட்டில் அக்கா இரண்டு தடவை ஒரு தட்டு குறைத்து வைத்துவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், இடுப்பு லூசாகிவிட்டது என்று அம்மா பிள்ளையைக் கடையில் கொண்டுவந்து விட்டுப் போனாள். அப்பா அதை ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். கண்ணாடியில் சட்டை நின்றது, ட்ரவுசர் நின்றது, சாக்ஸ் இரண்டும் முழங்கால் வரை இழுத்துவிட்டபடி நின்றன. தோள் கச்சிதம், நீளம் கச்சிதம். உள்ளே ஆள் இல்லை. அவர் திரும்பி நேராகப் பார்த்தார், பிள்ளை காலர் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றது. கண்ணாடியில் காலர் மட்டும் ஈரமாகிக்கொண்டிருந்தது.

வாழ்க்கையில் அவர் அவ்வளவு பயந்ததில்லை. பிள்ளை தன் கண் முன்னாலேயே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, போக வைத்த தையல் தன்னுடையது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தார்ப்பாய் நூலை ஒவ்வொரு முடிச்சாக அறுக்கத் தொடங்கினார். அவசரத்தில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார், துடைக்கவில்லை, கண்ணையும் துடைக்கவில்லை. கடைசி முடிச்சு விட்டதும், கடைப் படியேறி வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை முதல்முறையாகத் தன் பிள்ளையிடம் கேட்டார்.

"என்ன தைக்கணும், சொல்லு."

"ஸ்கர்ட்டு." பதினொரு நாள் திறக்காத தொண்டை கரகரத்தது. "பாக்கெட் வெச்சு."

"ஸ்கர்ட்டுக்கு எதுக்குப் பாக்கெட்?"

"கல்லு பொறுக்குனா எங்க போடுறது?"

கண்ணாடியில் முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு முன்பல் விழுந்த வாய், பிறகு முகம் முழுக்க. தையல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "நேரா நில்லும்மா. இடுப்பு அளவு எடுக்கணும்."

திங்கட்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு, இரண்டு பேருமாக அவளைத் தலைமையாசிரியையின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வருகைப் பதிவேட்டை வரவழைத்தது அம்மாதான். "ஒம்பது நாளா என் பொண்ணு ஆப்சென்ட்னு போட்டிருக்கீங்க. ஒம்பது நாளும் வந்தா. இல்ல, ட்ரவுசர் வந்துச்சு, இவ வரல. உங்க ஸ்கூலுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்." தலைமையாசிரியை அந்த ஒன்பது கட்டங்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு பேனாவைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார், அவளை வகுப்புக்குப் போகச் சொன்னார். அவள் ஓடினாள். மேஜையைத் தட்டிய பெற்றோரில் ஒருவர் ஒரு மாதம் முணுமுணுத்தார், இன்னொருவர் தண்ணீர்க் குழாய் பிரச்சினை வரும்வரை. அப்பா தைத்த ஸ்கர்ட் பத்தேகாலுக்கும் பதினொன்றுக்கும் ஸ்கர்ட்டாகவே இருந்தது. கடைசி மடிப்பு சாய்ந்திருந்தது, அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பள்ளியில் வேறு வழியில்லாமல் கடிகாரத்தை ரிப்பேர் செய்தார்கள்.

ஆறு வருடத்தில் தையல்காரர் இந்த விஷயத்தில் தன்னை ஒரு நிபுணராகவே நினைக்க ஆரம்பித்திருந்தார். தீயணைப்பு வண்டி ஓட்டுபவரின் மகளுக்குப் பதினொன்று இருபதுக்கு ஸ்கர்ட் ட்ரவுசராக மாறுகிறது என்று அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தையல்காரர் கதவைச் சாத்தினார், தண்ணீர் கொடுத்தார், "பயப்படாதீங்க, நாங்க பார்க்காததா" என்றார். பிறகு அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்து, உலகத்துக் கனிவையெல்லாம் குரலில் வரவழைத்துக்கொண்டு, "நீ பையன்தானேப்பா?" என்றார். அது அவரை மேலும் கீழும் பார்த்தது. "இல்ல அங்கிள், நான் பொண்ணுதான். இதப் போட்டா சுவர் ஏறலாம், அவ்வளவுதான்." பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயது மகள் சிரித்த சிரிப்பில் ஊசியைத் தவறவிட்டு, தரையில் தேடிக்கொண்டே சொன்னாள், "அப்பா, கேள்வி கேட்டா போதும். பதிலையும் நீங்களே சொல்லாதீங்க." தையல்காரர் அசடு வழிந்தார். அந்த ட்ரவுசருக்கு முட்டியில் இரட்டைத் துணி வைத்துக் கொடுத்தார், சுவர் ஏறுவதற்காக.

இப்போது இப்படி மாறுகிற துணிகள் வருடத்துக்கு ஆறேழு வருகின்றன. ஒரு பையனின் சட்டையில் திடீரென மஞ்சள் பூக்கள் வந்தன. அவன் பையன்தான், பூ பிடிக்கும். இன்னொரு பிள்ளைக்கு ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி, கேட்டால் இன்னும் தெரியவில்லை என்கிறது. அதற்கு மட்டும் லேசாக ஓட்டுத் தையல் போட்டுக் கொடுக்கிறார், எந்தப் பக்கம் பிரிந்தாலும் துணிக்கு வலிக்காது. பள்ளி திறக்கும் வாரம் கடையில் கூட்டம் அள்ளும். துணி மாறிவிட்டதா, இனிமேல்தானா என்று கழுத்தளவு கேட்கிற அதே குரலில் கேட்கிறார். கூட வந்த அப்பாவோ அம்மாவோ முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தால், "தைக்கிறது உங்களுக்கா?" என்கிறார். அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிள்ளை யோசித்துச் சொல்வதை அளவு நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்கிறார். அப்புறம்தான் டேப்பைத் தொடுகிறார்.