கரீம் பாய் ஷட்டரில் ஒரு முதுகு

கண்ணுங்களா, சங்கராபுரம் கடைத்தெருவில் கரீம் பாயின் செருப்புக் கடையைச் சாத்தினால்தான் அந்தப் படம் தெரியும். ஷட்டர் முழுக்க வரைந்தவள் அபிநயா, சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த பெண். படத்தில் ஒரு தெரு. பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அவள் ஊரில் நிலக்காரர் ஆதிமூலம் வீட்டுத் தெருவைக் காலனிச் சனம் இன்றைக்கும் அப்படித்தான் கடக்கிறது. யாருக்கும் வம்பு வரக்கூடாதென்று எல்லோரையும் முதுகுப் பக்கமாகவே வரைந்திருந்தாள்.

அங்கேதான் பிசகினாள். செருப்பை அக்குளில் இடுக்கி, ஒரு தோளைச் சாய்த்து நடக்கிற முதுகு ஊரில் ஒன்றே ஒன்று. அவள் அம்மா பெரியநாயகி.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகக் கடை சாத்தியிருந்த நேரம் ஆதிமூலம் காரில் வந்து இறங்கினார். பெரியநாயகியையும், பெயின்ட் டப்பாக்களோடு அபிநயாவையும் வரச் சொல்லியிருந்தார். பெரியநாயகி குத்தகைக்குப் பயிரிடுவது அவர் நிலம். நெல் கதிர் வாங்கி நின்றது.

தொழுதுவிட்டு வந்த பாயைத்தான் முதலில் பிடித்தார். “எம்மேல இன்னா பாய் கோவம் உனக்கு?”

“கோவம் இல்லீங்க. கையில தூக்கிக்கினு போனா செருப்பு எப்படித் தேயும்? யாவாரம் கம்மி.”

வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெரியநாயகி பக்கம் திரும்பினார்.

“இது பொய், இது நான் இல்லன்னு நாலு பேர் முன்னால சொல்லு. உம் பொண்ணு அழிச்சிடட்டும். இல்லன்னா இந்த அறுப்போட நெலத்த மறந்துடு.”

“நானே அழிச்சிடறேம்மா,” என்று அபிநயா வெள்ளை பெயின்ட் டப்பாவைத் தூக்கினாள். பெரியநாயகி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படத்தையே பார்த்தாள்.

“நான்தானேடி இது? மூஞ்சி எங்க?”

“உனக்கு வம்பு வேணாம்னுதான்…”

“நான் இன்னா திருடியா, முதுகக் காட்டிக்கினு போவ? மூஞ்சியப் போடு.”

பிறகு ஆதிமூலத்திடம் சொன்னாள். “நான்தாங்க ஐயா. அறுத்துட்டு நெலத்த வுட்டுடறேன்.”

படத்திலிருந்த அம்மாவின் கொண்டையை மறைத்து அபிநயா பழுப்பு நிறத்தை இழுத்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. ஆதிமூலம் நகராமல் நின்றார். மகளுக்கு முகம் காட்டி ஷட்டர் ஓரம் நின்ற பெரியநாயகியின் தலை, அவர் நிற்கிற திசையென்பதால் பழக்கத்தில் தானாகத் தாழ்ந்தது.

“குனியாதம்மா. கண்ணு தெரியல.”

அவள் தலையைத் தூக்கினாள். எதிரே அவர்தான். மகள் இரண்டு கண்ணையும் வரைந்து முடிக்கிற வரைக்கும் அவள் பார்வையை எடுக்கவில்லை.