சொல்லாமல் விட்ட ஆறு கெப்சூல்

எனக்குச் சம்பளம் தருவது ஆஸ்பத்திரி வாட்டைக் கூட்டுவதற்கும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்கும்தான். ஆனால் எங்கள் குழந்தைகள் வாட்டில் தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், பதினோரு வருடமாக டொக்டர்மாரின் வாயும் தாய்மாரின் வாயும் நானே. "தாஸிம்" என்று குரல் வந்தால் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஓட வேண்டும்.

அந்த வாரம் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்திருந்தது. காயப்பட்டவர்களுக்கு இடம் போதாமல் எங்கள் வாட்டில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். நான் மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து சீனியம்மா தன் ஆறு வயது மகள் ரேணுகாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சல், வாந்தி, கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது. மூளைக்காய்ச்சல் என்று டொக்டர் நோனாவுக்கு, நோனா என்றால் சிங்களத்தில் அம்மா, பார்த்த உடனேயே சந்தேகம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். கிருமிக்கான ஊசியைக் கையோடு தொடங்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இதற்கு முன்னால் பிள்ளைக்கு ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். சீனியம்மாவுக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாது. பொலிஸ் தெருவைச் சுற்றிவளைத்துப் புருஷன் வேலுசாமியைக் கொண்டுபோனதிலிருந்து தொடங்கினாள். அவனை மீட்க இரண்டு நாள் பொலிஸ் வாசலில் கிடந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாமல், சந்திப் பாமசியில் ஆறு கெப்சூல் வாங்கி, கூட்டைப் பிரித்து, தூளைச் சீனித் தண்ணீரில் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தாளாம். சொல்லி முடித்ததும், அண்ணனை அழைப்பதுபோல நானா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் சொல்லிறாதீங்க நானா. ரெண்டு நாளு வீட்டுல வச்சிருந்தேன்னு ஏசுவாங்க."

ஏசுவார்கள்தான். முந்தின வாரம் ஒரு தாயை வாட்டே பார்க்க ஏசினார்கள். அந்த ஏச்சையும் நான்தான் தமிழில் ஏச வேண்டியிருந்தது. எனக்கு அலுத்துப் போயிருந்தது. டொக்டர் நோனா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கொடுக்கவில்லையாம் என்றேன். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி வேறு எனக்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கி, ரேணுகா பிஸ்கட் கேட்டாள். முதுகில் எடுத்த நீரில் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கையும் வந்தது. இது வைரஸ், தானாகவே மாறிவிடும், ஊசியை நிறுத்திவிட்டு நாளைக்கு அனுப்பலாம், கட்டிலும் தேவை என்றார் டொக்டர் நோனா. சீனியம்மாவுக்குச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே என்னைக் கும்பிட்டாள்.

டொக்டர் நோனா நகர்ந்தபடியே கூட வந்த மருத்துவ மாணவர்களுக்குச் சிங்களத்தில் விளக்கினார். முன்பே யாராவது கிருமி மருந்து கொடுத்திருந்தால் சோதனையில் கிருமி வளராது. ஆனால் உள்ளே அரைகுறையாக உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் ஊசியை நிறுத்தினால் திரும்ப எழும்பும். பிள்ளை செவிடாகலாம், சாகலாம். இந்தத் தாய் ஒன்றும் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று என்றார்.

பாமசியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கெப்சூல் கிருமி மருந்துதான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஏனென்று சீனியம்மாவுக்கே தெரியாது. தாதி மிஸ், ரேணுகாவின் மருந்துக் குப்பியைத் தட்டிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி அது.

டொக்டர் நோனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கெப்சூல், சந்திப் பாமசி, இரண்டு நாள், நான் மறைத்தது. தாயை ஏச வேண்டாம், என்னை ஏசுங்கள் என்றும் சொன்னேன். அவர் யாரையும் ஏசவில்லை. ஊசியைத் தவறாமல் போடும்படி மிஸ்ஸிடம் சொன்னார். ரேணுகாவின் நோய்க்குறிப்பு டிக்கட்டில் எழுதியதை வெட்டிவிட்டு, இன்னும் பத்து நாள் என்று எழுதினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்களைக் கசக்கினார். அவரும் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளோ.

"இப்படி வேறு யார் யார் விஷயத்தைச் சொல்லாமல் விட்டாய், தாஸிம்?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினோரு வருடம். வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து வந்தவர்கள், வவுனியாவிலிருந்து வந்தவர்கள், கொட்டாஞ்சேனைக்காரர்கள். எத்தனை நீளக் கதைகளை ஒன்றுமில்லை என்று சுருக்கியிருப்பேன். அந்தப் பிள்ளைகளில் யார் நடந்து வீட்டுக்குப் போனார்கள், யாரை நானே வண்டியில் வைத்துப் பிணவறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஞாபகமில்லை என்றேன்.

டொக்டர் நோனா தலையை ஆட்டிவிட்டு எழுந்து, அடுத்த கட்டிலின் டிக்கட்டைக் கையில் எடுத்தார். அங்கே ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.