இடது கன்னத்துப் பாக்கு

குவாம்காரர்களுக்கு எப்படித் தெரிகிறது? பலாவ் தேசிய பேஸ்பால் அணியின் கேட்சர் ரெங்கீலுக்கு, குவாம் தீவு அணிக்குப் பதின்மூன்று ரன் கொடுத்துத் தோற்றதுகூடப் பெரிதில்லை. இந்தக் கேள்விதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பிட்சர் தெச்சூர், அவன் தங்கை புருஷன், வேகமாக எறிந்தால் அவர்கள் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றினார்கள். வளைத்து எறிந்தால் பொறுமையாகக் காத்திருந்து தென்னைமரங்களுக்கு அப்பால் அனுப்பினார்கள்.

பேஸ்பால் சங்கத் தலைவர் மசாவோவுக்குச் சந்தேகமே இல்லை. "குறி திருட்டு!" என்று ஆட்டத்தின் நடுவிலேயே கோட்டும் கொடிச் சின்னமுமாக இறங்கி வந்தார். கேட்சர் பிட்சருக்குத் தொடை நடுவே ஒரு விரல் காட்டினால் வேகம், இரண்டு விரல் என்றால் வளைவு என்ற பழைய வழக்கத்தை அங்கேயே ரத்து செய்தார். வெளிநாட்டு முகாமில் ஒரு வாரம் உட்கார்ந்து கற்ற ரகசியக் குறி அமலுக்கு வந்தது: தொப்பி, காது, முழங்கால், மறுபடி காது, தொட்ட எண்ணிக்கையோடு இன்னிங்ஸ் எண்ணைக் கூட்டி, ஒற்றைப்படை வந்தால் வளைவு.

தெச்சூர் கூட்டலில் கோட்டை விட்டான். ரெங்கீல் வேகப்பந்துக்குக் கையை நீட்டியிருக்க, வந்ததோ வளைபந்து. அது அம்பயரின் முழங்காலைப் பதம் பார்த்தது. ஆனால் மட்டையோடு நின்ற குவாம்காரன் அசையவில்லை. பந்து தாழும் என்று முன்பே தெரிந்தவன்போல் நின்றான்.

எனக்கே தெரியாத பந்து அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ரெங்கீல் குழம்பினான். குறியைத் திருடியிருந்தால் அவனும் அல்லவா ஏமாந்திருக்க வேண்டும்?

"நாளைக்கு இறுதிப் போட்டி" என்றார் தலைவர். மூன்றாவது நாட்டு அணி விமானம் கிடைக்காமல் ஊரிலேயே தங்கிவிட்டதால் மறுபடி குவாமோடே வந்த இறுதிப் போட்டி அது. வானொலியில் அவர் அதை வரலாற்றுச் சாதனை என்றிருந்தார். "மூணு இன்னிங்ஸ் பாப்பேன். மறுபடி வெளுத்தானுகன்னா என் அக்கா மகன் ஹருவோ கேட்சர் முகமூடி மாட்டுவான். அப்புறம் எந்தப் போட்டிக்கும் நீ வர வேண்டாம்."

பந்து வந்தால் ஹருவோ கண்ணை மூடிக்கொள்வான். மற்றபடி நல்ல கேட்சர்.

சாயங்காலம் தங்கை எபில் வீட்டில் ரெங்கீல் புலம்பினான். "எந்தக் குறி வெச்சாலும் கண்டுபிடிக்கிறானுகளே!"

எபில் அண்ணனுக்கும் புருஷனுக்கும் சேப்பங்கிழங்கைப் பரிமாறியபடி, "இதுல என்னண்ணே அதிசயம்? எனக்கும்தான் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அடுத்தது வேகமா, வளைவான்னு. நீங்கள்லாம் பந்தைப் பாக்கறீங்க. நான் இவர் மூஞ்சியப் பாக்கறேன். வளைச்சுப் போடறதுக்கு முன்னாடி வாயில இருக்கிற பாக்கு இடது கன்னத்துக்குப் போயிரும். வீட்ல பொய் சொல்றப்பவும் அதே கதைதான்."

"நான் எப்பப் பொய் சொன்னேன்?" என்றான் தெச்சூர். பாக்கு இடது பக்கம் போய்ப் புடைத்து நின்றது.

ரெங்கீல் வாயைப் பிளந்தான். வேறு நாட்டுக்காரன் என்றால் பல்வலி என்று நினைத்திருப்பான். குவாம்காரனும் பாக்கு மெல்லுகிறவன். கன்னத்தைப் படிக்கத் தெரிந்தவன்.

"அப்ப நாளைக்குப் பாக்கு வேண்டாம், மாப்ள."

"கைய வேணா வெட்டிக்க, மச்சான். பாக்க மட்டும் கேக்காத."

முற்றத்தில் எறிந்து பார்த்தார்கள். பாக்கில்லாமல் எறிந்த முதல் பந்து பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்குள் விழுந்தது. நாக்கை அடக்கிக்கொண்டு பாக்கோடு எறியச் சொன்னார்கள். நாக்கு அடங்கியது, கை மறந்துபோனது. ரெங்கீல் அவன் கன்னத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு பச்சைப் பாக்கு ஒன்றைப் பிளந்து, சுண்ணாம்பு தூவி, வெற்றிலையில் சுருட்டி, தெச்சூரின் மறு கன்னத்திலும் திணித்தான்.

"இனிமே எங்க போகும்?"

தெச்சூரின் வாயிலிருந்து "ம்ம்" மட்டும்தான் வந்தது. "இது நல்லாருக்கே, தினமும் வைக்கலாம்" என்றாள் எபில்.

மறுநாள் குவாமின் முதல் பேட்டர் பிட்சரைப் பார்த்தார், கண்ணைக் கசக்கினார், விலகிப் போய் மறுபடி வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் தேங்காய் மூடி கவிழ்த்ததுபோல் வீங்கிய முகம்.

"என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றான் ரெங்கீல் முகமூடிக்குள்ளிருந்து. கீழே அவன் விரல் பழையபடி ஒன்று, இரண்டு என்றது. தொப்பியையும் காதையும் தலைவரின் மனநிறைவுக்காகத் தடவி வைத்தான்.

மூன்று இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை. ஹருவோ முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகக் கோழிக்கால் கடித்தான்.

கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். குவாம்காரர்கள் தெரியாமலும் அடிக்கத் தெரிந்தவர்கள்.

தலைவருக்கு அது தோல்வியாகவே படவில்லை. "பதின்மூன்று எங்கே, இரண்டு எங்கே! பதினோரு ரன்னைத் தடுத்தது நம் ரகசியக் குறி!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, அதை ரெங்கீலின் வாய்க்கு நேரே நீட்டினார். "அடுத்த பயணத்துக்கும் நீதான் கேட்சர். சொல்லுப்பா, எது காப்பாத்துச்சு?"

ரெங்கீல் வாயிலிருந்த பாக்கை மென்றபடி ஹருவோவைப் பார்த்தான். கீழே கிடந்த முகமூடியைப் பார்த்தான்.

"உங்க குறிதான், தலைவரே."

கூட்டத்தில் எபில் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் பயந்து திரும்பினார்கள். கைகுலுக்க வந்த குவாம் பேட்டர் மட்டும், நீட்டிய கையை மறந்து, ரெங்கீலின் புடைத்த இடது கன்னத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.