நியூ என்று பெயர் வைக்காதே

அலுவலகத்தில் அவருக்கு அண்டர்ஸ்கோர் என்று பட்டப்பெயர். டேட்டாபேஸில் யார் புதிதாக ஒரு டேபிள் போட்டாலும் அதன் பெயருக்கு அவர் தலையாட்ட வேண்டும். இரண்டு சொல்லுக்கு நடுவே அடிக்கோடு இல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அன்று புரோகிராமர் பெண் வாடிக்கையாளர் விவரங்களுக்காக ஒரு டேபிள் கொண்டுவந்தாள். பெயர் கஸ்டமர்_நியூ. அடிக்கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் முகம் சுண்டிப்போனது.

"நியூன்னா எத்தனை நாளைக்கும்மா நியூ? நாளைக்கு இன்னொண்ணு வந்தா இத என்னன்னு கூப்பிடுவ?"

"பழைய டேபிள் ஒண்ணு இருக்கே சார். அதான் இது நியூ."

"பேருன்னா அது என்னன்னு சொல்லணும். எப்ப வந்துச்சுன்னு சொல்லக் கூடாது. மாத்திட்டு வா."

சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். மாமியார் வீட்டில் விருந்து. கொழுந்தியாள் கல்யாணமாகிக் கணவரோடு முதல்முறையாக வருகிறாள்.

அந்த வீட்டில் அவருக்குப் பெயர் புது மாப்பிள்ளை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. ஜன்னலோர நாற்காலி, முதல் காபி, அவர் தலை தெரிந்ததும் சத்தம் குறைகிற டிவி, எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டி வந்தவை. பெயர் வைக்கும் தன் விதியை அவர் ஒருநாளும் அங்கே கொண்டுபோனதில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

"புது மாப்பிள்ளை, வாங்க, வந்து உக்காருங்க," என்று உள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"வந்துட்டேன் அத்தை," என்று சொல்லிப் பழக்கதோஷத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. வாசலில் கொழுந்தியாளின் கணவர், பாவம், நல்ல பையன், செருப்பைக் கழற்றியபடி நெளிந்தார். அண்டர்ஸ்கோரின் மனைவி அவர் காதருகே குனிந்து, "உங்கள இல்லங்க. எந்திரிங்க," என்றாள்.

"அப்ப இவர என்னன்னு கூப்பிடுறது?" என்று அண்டர்ஸ்கோரைக் காட்டிக் கேட்டார் மாமனார்.

"இவருக்கு எதுக்குத் தனியாப் பேரு? இவரு நம்ம வீட்டு ஆளு," என்றார் மாமியார். "மாடியில நாற்காலியெல்லாம் கெடக்கு, கொஞ்சம் எறக்கிட்டு வந்துடுங்க."

இறக்கினார். தோள் வலித்தது. மனசு அதைவிட வலித்தது. முதல் காபி ஜன்னல் பக்கம் போவதை மாடிப்படியில் நின்றே பார்த்தார்.

மறுநாள் காலையில் புரோகிராமர் பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன் சார். புதுசு இனிமே வெறும் கஸ்டமர். பழசுக்குக் கஸ்டமர்_ஓல்டுன்னு வெச்சுட்டேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓல்டுன்னு யாருக்கும் பேர் வைக்கக் கூடாது."

"யாருக்கும் இல்ல சார், டேபிளுக்குத்தான். அதுல இப்ப எதுவும் ஏத்துறதில்ல. சும்மாதான் கெடக்கு."

"சும்மாவா? நேத்து அத்தனை நாற்காலியையும் பின்ன யாரு எறக்குனது?"