அணைக்கக் கூடாத இன்ஜின்

கரகண்டா நகருக்குப் போகும் சாலையின் தடுப்பு மூடியிருந்தது. பனிப்புயல் ஓயும்வரை காத்திருப்போம் என்றேன். என் அக்காவின் கணவர் ஜப்பார் கேட்கவில்லை. எல்லா டிரைவர்களையும் போலத் தடுப்பைச் சுற்றி வெட்டவெளியில் இறங்கினார். சிறிது தூரத்திலேயே கார் பனியில் புதைந்து நின்றது.

வண்டியைத் தயார் செய்தவள் நான். குளிரில் செத்துவிடாமலிருக்கப் பேட்டரியை இரவில் வீட்டுக்குள் வைத்திருந்தேன்; ரேடியேட்டருக்கு முன்னால் கம்பளித் துண்டு கட்டினேன். மணல், கயிறு, மண்வெட்டி எல்லாம் எடுத்தேன். ஆனால் மண்வெட்டியை டிக்கியில் போட்டுவிட்டேன். டிக்கி இப்போது பனிக்கு அடியில் இருந்தது.

இன்ஜின் ஓடியது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் யாரும் இன்ஜினை அணைப்பதில்லை. கடை வாசலில்கூட ஓடிக்கொண்டேதான் இருக்கும். பின் சீட்டில் அக்கா மகள் இன்கார் தூங்கினாள். எனக்குத் தலை வலித்தது. அவள் கன்னம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. எழுப்பினேன், கண் திறக்கவில்லை. புகைக்குழாயும் புதைந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

"அத்தான், இன்ஜினை அணைங்க. புகை உள்ள வருது."

"அணைச்சா மறுபடி பிடிக்காது. உறைஞ்சு சாகணுமா? நீ பாடப் புத்தகத்தை மட்டும் படி."

நான் தவறாகவும் இருக்கலாம். இருந்தும் கை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். ஜப்பார் திட்டினார். எல்லா ஜன்னல்களையும் இறக்கினேன். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் முடிந்தேன். வெளியே என் கையே எனக்குத் தெரியவில்லை. ரொட்டி டப்பாவின் மூடியால் புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைத் தோண்டினேன்.

திரும்பி வந்தபோது இன்கார் வாந்தி எடுத்திருந்தாள், விழித்தும் இருந்தாள். ஜப்பார் அவளைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகியது. மறுபடி திருப்பினார். முனகலும் நின்றது.

பிறகு மூவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்தோம். தூங்கவிடாமல் இன்காரைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். கால்விரல்கள் மரத்துப்போயின. காப்பாற்றினேனா, மெதுவாகச் சாகவைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பனி வாரும் வண்டி எங்களைக் கண்டுபிடித்தது. அதன் டிரைவர் எங்கள் காரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் இன்ஜினை எந்த முட்டாள் அணைத்தான் என்று கேட்டார்.

"என் மச்சினிதான் அணைச்சா. அதனாலதான் இவ கண் திறந்தா," என்றார் ஜப்பார். குழந்தையை அந்த டிரைவரிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.